ஷெல் ஸ்கிரிப்டைச் சோதிக்க ஒரு தற்காலிகக் களம்

கிளிநொச்சியில் நெல் கொள்வனவு செய்யும் சங்கம் ஒன்றின் கணினி என் பொறுப்பில் இருக்கிறது. பழைய கணக்குக் கோப்புகளைச் சுருக்கி ஒதுக்கிவிட்டு மூலத்தை அழிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒன்று, எனக்கு முன்பிருந்தவர் எழுதியது, அதில் ஓடுகிறது. அதைத் திருத்தச் சொன்னார்கள். அழிக்கிற ஸ்கிரிப்டை உண்மைக் கணக்கின் மேல் ஓட்டிப் பார்க்கும் துணிச்சல் எனக்கில்லை.

உபுண்டு இயங்குதளத்தில் எம்கேடெம்ப் கட்டளையோடு 'டி' தெரிவைக் கொடுத்தால், எதனுடனும் மோதாத பெயரில் தற்காலிகக் கோப்புறை ஒன்று கிடைக்கிறது. மற்றப் பயனர்கள் அதற்குள் நுழைய முடியாது. சோதனையின் தொடக்கத்திலேயே டிராப் கட்டளை மூலம், வெளியேறும்போது அதை அழித்துவிடும்படி, ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் நிரலுக்குச் சொல்லி வைத்தேன். இடையில் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் துப்புரவு நடக்கும். மின்சாரம் போனால் நடக்காது. எங்கள் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை. ஆனால் உபுண்டு மறுபடி தொடங்கும்போது தற்காலிகக் கோப்புறைகள் இருக்கும் இடத்தைத் தானே காலி செய்கிறது.

மாதிரிக் கோப்புகளை வெறுமையாக உருவாக்கி, பெயர்களை மட்டும் உள்ளபடியே வைத்தேன்: 'காலபோகம் 2022', 'சிறுபோகம் 2023'. ஓட்டியதும் குட்டு வெளிப்பட்டது. கோப்பின் பெயரைத் தாங்கும் மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் இல்லை. அதனால் பெயர் நடுவிலுள்ள இடைவெளியில் இரண்டாகப் பிரிந்து, அழிக்கும் ஆர்எம் கட்டளை 'காலபோகம்' என்று ஒன்றையும் '2022' என்று இன்னொன்றையும் தேடியது. '2022' என்ற பெயரில் ஆண்டறிக்கைக் கோப்புறை ஒன்று அதே இடத்தில் உண்மையிலேயே இருக்கிறது! மாதிரியில் அதுவும் இருந்தது, உள்ளிருந்தவற்றோடு போய்விட்டது.

கோப்புறை மட்டும் வேலியாகிவிடாது. ஸ்கிரிப்டுக்குள் உண்மைக் கோப்புறையின் முழுப் பாதை எழுதியிருந்தால் அது நேரே அங்கேதான் போகும். இதிலும் அப்படி ஓரிடம் இருந்தது. ஆகவே டாக்கர்: கணினியின் மற்றக் கோப்புகளிலிருந்து பிரித்து, கொள்கலன் என்ற தனி அடைப்புக்குள் நிரலை ஓட்டும் கருவி. அதற்குள் ஓட்ட ஒரு லினக்ஸ் வேண்டும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் சில எம்பிதான், எங்கள் டேட்டாவுக்குத் தோதானது. ஆனால் அதில் பேஷ் உடன் வருவதில்லை. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் ஸ்லிம் (மெலிந்த) வடிவத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டேன், பிறகு இணையம் தேவைப்படவில்லை. வலையமைப்பைத் துண்டித்து, ஸ்கிரிப்ட் உள்ள கோப்புறையை வாசிக்க மட்டும் இணைத்து, ஓடி முடிந்ததும் கொள்கலன் நீங்கும்படி தெரிவுகளைக் கொடுத்தேன். உண்மைக் கணக்கு அதற்குள் இல்லவே இல்லை.

மேற்கோள்களைப் போட்டு, பெறுமதி கொடுக்கப்படாத மாறி வந்தால் நின்றுவிடும்படி 'செட்' வரியையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். '2022' அப்படியே இருந்தது. சிறுபோகக் கணக்கு முடியும்வரை பொறுத்திருந்து, வெளி வன்தட்டில் பிரதி எடுத்த பிறகே அதை உண்மைக் கோப்புறையில் ஓடவிட்டேன்.