பியூரெட்டின் முன்னால்

பெற்றோர் கூட்டத்தில் அந்த அம்மா சொன்ன குறையை 22 வருடங்களாக வெவ்வேறு வாய்களில் கேட்டுவருகிறேன். "வீட்டில் வாயே திறப்பதில்லை சார். சாப்பிட்டாயா என்றால் 'ம்'. பரீட்சை எப்படி என்றால் 'ம்'." பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சாரிடம் பேசுடா" என்று அப்பா முழங்கையால் இடித்தார். இடித்தால் யார்தான் பேசுவார்கள்?

அடுத்த வாரம் பிளஸ் டூ வேதியியல் செய்முறை. ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்கி, அதில் பியூரெட் என்னும் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டின் நிறம் மறையச் சற்று நேரமாகும். அவசரப்பட்டு ஊற்றினால் கரைசல் பழுப்பாகிக் கெட்டுவிடும். பொறுத்தால், உள்ளே உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை முடுக்கிவிடும். பிறகு மளமளவென்று மறையும். எத்தனை முறை செய்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வர வேண்டும். அந்தப் பையனுக்கு மூன்று முறையும் மூன்று அளவு: 18.4, 19.1, 17.8 மி.லி. பக்கத்தில் போய் நின்றேன். பியூரெட்டில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்திருந்தான்.

"கோடு தெரிகிறதா?"

குடுவையைச் சுழற்றியபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஆறு மாதமாகக் கரும்பலகையே தெரியவில்லை, சார்."

"வீட்டில் சொல்லவில்லையா?"

"செல்போன் பார்த்ததால்தான் என்பார்கள். பிடுங்கி வைத்துவிடுவார்கள்."

என்ன பதில் வரும் என்று தெரிந்த இடத்தில் எதற்கு வாயைக் கொடுப்பானேன் என்று விட்டிருக்கிறான்.

அவனிடம் கேட்டுக்கொண்டுதான் அப்பாவிடம் பேசினேன். முன்பு ஒருமுறை ஒரு மாணவியைக் கேட்காமல் அவள் வீட்டில் பேசிவிட்டேன்; பள்ளியை விட்டுப் போகும்வரை அவள் வணக்கத்துக்கு மேல் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. "ஒரு மாதத்துக்குச் செல்போனைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள்" என்றேன். கண்ணாடிக் கடைக்கு பைக்கில் அழைத்துப் போனபோது பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசினான் என்று அவர் வியந்துபோனார். பைக்கில் முகம் பார்க்க வழியில்லை அல்லவா!

ஊருக்குத்தான் உபதேசம். என் வீட்டில், செருப்பைக் கழற்றும்போதே பத்தாம் வகுப்பு மகளிடம் "மார்க் எவ்வளவு?" என்று கேட்கிறவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் ஒரு கொத்தை எடுத்தாள்.

"அப்பா, கணக்கு டியூஷனை நிறுத்திவிடட்டுமா?"

கட்டிய பணம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "ம்" என்றேன்.