அப்பா வேண்டாம்னு சொன்ன வேலை

கோலாலம்பூர விட்டுட்டு பட்டர்வொர்த் வந்து நேத்தோட மூனு மாசம் ஆச்சு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்த ரூம காலி பண்ணி, கட்டில பக்கத்து ரூம் புள்ளைக்கே குடுத்துட்டு, ரெண்டு பொட்டியும் ஒரு ரைஸ் குக்கருமா காலைல இடிஎஸ் ரயில் ஏறுனேன், நாலு மணி நேரத்துக்கு மேல ஓடும், அந்த நேரம் பூரா அப்பா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். அவரு ஸ்டேஷன் வாசல்ல மோட்டார்ல உக்காந்திருந்தாரு. ஏன் வேலைய விட்ட, இனிமே என்ன செய்யப் போறன்னு ஒரு வார்த்த இல்ல. "பசியாறிட்டியாம்மா?" அவ்ளோதான். பெரிய பொட்டிய முன்னாடி வச்சுக்கிட்டாரு, சின்னத நான் மடில வச்சுக்கிட்டேன், பாகான் டாலாம் வரைக்கும் பேசாமலே வந்தோம்.

என் ரூம்ல இப்ப அம்மாவோட தையல் மெஷின் இருக்கு, அரிசி மூட்ட இருக்கு, அஞ்சாம் படிவத்துல எஸ்பிஎம் பரீட்ச எழுதுறப்ப படுத்த அதே கட்டில். எனக்கு 33 வயசு. அந்தக் கட்டில்ல மொத ராத்திரி தூக்கம் வரல, ஆனா ரெண்டாவது ராத்திரி ஒம்பது மணி நேரம் தூங்குனேன், கேஎல்ல ஒம்பது வருஷத்துல அப்படி தூங்குன ஞாபகமே இல்ல.

கஷ்டம் வீட்டுக்குள்ள இல்ல, வாசல்ல. மொத வாரம் "லீவாம்மா?"ன்னு கேட்டாங்க. ரெண்டாவது வாரம் "எத்தன நாளு லீவு?" மூனாவது வாரம் கோயில்ல ஒரு அத்த என்னய நேரா கேக்காம அம்மாகிட்ட கேட்டாங்க, அம்மா சட்டுன்னு "வீட்டுலேர்ந்தே வேலை செய்யுது, இப்பல்லாம் அப்படித்தானே"ன்னு சொல்லிட்டாங்க. பொய் சொல்றது அம்மாவுக்கு புடிக்காது. எனக்காக சொன்னாங்க, அதுவும் சாமி சந்நிதில. அன்னிக்கு ராத்திரி நான் அழுதுட்டேன். இப்ப அம்மாகிட்ட சொல்லிட்டேன், யாரு கேட்டாலும் "வேலைய விட்டுட்டா, வேற படிக்கப் போறா"ன்னு சொல்லுங்க, எனக்கு வெக்கம் இல்லன்னு.

காசு கதைய சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இதே நிலமைல இருக்கறவங்க நெறைய பேரு என்னய கேக்கறாங்க. தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனம் சொக்சோல வேலை காப்புறுதி திட்டம் 2018ல ஆரம்பிச்சாங்கல்ல, அது வேலையிலேர்ந்து நிறுத்துனாதான் கெடைக்கும், நாமளா ராஜினாமா பண்ணுனா ஒரு காசு கெடைக்காது. நான் நானாவே விட்டேன். சேமநிதி இபிஎஃப்ல 2024 மே மாசத்துலேர்ந்து மூனாவது கணக்கு ஒன்னு இருக்கு, புதுசா போற பணத்துல 10 விழுக்காடு அதுல விழும், எப்ப வேணாலும் எடுக்கலாம், அதுலேர்ந்து கொஞ்சம் எடுத்தேன். படிப்புக் கடன மட்டும் நிறுத்தல. அம்மா வீட்டுச் செலவுக்கு வாங்க மாட்டேங்கறாங்க, நான் மாசம் 300 வெள்ளிய அரிசி டின்னுக்கு அடியில வச்சிட்டு வந்துடறேன், யாரும் அதப் பத்தி பேசறதில்ல.

சரி, ஏன் விட்டேன்? இன்சூரன்ஸ்ல தீ விபத்து கிளைம் பாக்கற வேலை. எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்ல. வருஷக்கணக்கா எரிஞ்ச வீட்டு போட்டோவையே பாத்துக்கிட்டு இருந்தேன், கருகிப்போன டிபி போக்ஸ் (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி), உருகுன சாக்கெட், ஒரு போட்டோல சுவத்துல மாட்டுன காலண்டர் பாதி மட்டும் எரியாம நிக்குது. காரணம்னு போட்ட எடத்துல திரும்பத் திரும்ப மின்சாரக் கோளாறு. நான் என்ன செய்வேன், எந்தப் பத்திரம் இல்லன்னு பாத்து லெட்டர் அடிப்பேன். எரிஞ்சதுக்கு அப்புறம்தான் என் வேலையே ஆரம்பிக்குது. எரியறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு யாராவது ஒருத்தர் போயிருந்தா போதுமேங்கற நெனப்பு என்னய விடவே இல்ல.

அப்பா 31 வருஷம் பிறைல ஃபேக்டரி மெயின்டெனன்ஸ், வயர்மேன் லைசென்ஸ் உண்டு, இப்ப ரிட்டையர் ஆகி அக்கம்பக்கத்துல சின்ன சின்ன வேலை பாக்கறாரு. இத்தன வருஷத்துல அவரு வேலை செஞ்சு நான் ஒரு தடவ கூட பாத்ததில்ல. போன மாசம் மாக் மண்டின்ல பெரியம்மா வீட்டுல ஹீட்டர் போட்டா கருகற வாசன வருதுன்னு கூப்பிட்டாங்க, டார்ச் புடிக்க ஆள் வேணும்னு என்னய கூட்டிட்டுப் போனாரு.

மெயின அணைச்சாரு. ஆனா உடனே கை வைக்கல. அணைக்கறதுக்கு முன்னாடியே டெஸ்டர உயிரோட இருக்கற ஒரு பாயின்ட்ல வச்சு வேலை செய்யுதான்னு பாத்துக்கிட்டாரு, அப்புறம் ஹீட்டர் வயர்ல வச்சு கரண்ட் இல்லன்னு பாத்தாரு, அதுக்கு அப்புறமும் கைல கொண்டுபோன ஒரு பேட்டரி போக்ஸ்ல டெஸ்டர இன்னொரு தடவ சோதிச்சாரு. "நடுவுல டெஸ்டர் செத்துப்போயிருந்தா அது சொல்றது பொய்யாயிடும்ல, அதான்." சுவிட்ச தெறந்தா கறுப்பு வயரோட நுனி ரெண்டு இஞ்ச் பொரிஞ்சு போயிருக்கு. திருகாணி லூசு. யாரோ அவசரத்துல முழுசா முறுக்கல.

அப்பதான் எனக்கு விளங்குச்சு. டிபி போக்ஸ்ல பட்டன் வச்ச அந்த பெரிய சுவிட்சு கரண்ட் வெளிய கசிஞ்சா விழும், சின்ன சுவிட்சு கரண்ட் அளவுக்கு மேல போனா விழும். லூசான எடத்துல கசிவும் இல்ல, அளவும் கூடல, வெறும் சூடுதான். ஒன்னுமே விழாது. வீடு மட்டும் எரியும். நான் படிச்ச ஃபைல்ல பாதிக்கு அர்த்தம் அந்த ரெண்டு இஞ்ச் வயர்ல இருந்துச்சு. அதோட அந்த வீட்டுக்கு மொத்தமா கசிவுக்கு விழற 100 மில்லிஎம்பியர் சுவிட்சு ஒன்னுதான் இருந்துச்சு, ஈரமான எடத்து ஹீட்டருக்கு தனியா 10 மில்லிஎம்பியர்ல விழறது இருக்கணும்னு 1994 மின்சார ஒழுங்குமுறைலயே இருக்காம். அப்பா பேசிக்கிட்டே வயர வெட்டி, சீவி, புதுசா முறுக்கி, விரல்ல புடிச்சு இழுத்துப் பாத்தாரு. மூனு தடவ இழுத்தாரு.

வீட்டுக்கு வர்ற வழில சொல்லிட்டேன். நானும் வயர்மேன் பரீட்ச எழுதறேன்ப்பா, மொதல்ல சிங்கிள் ஃபேஸ் லைசென்ஸ், பிடபிள்யூ2ன்னு சொல்வாங்கல்ல அது, அப்புறம் த்ரீ ஃபேஸ். பொம்பளைங்க தனியா இருக்கற வீடு எவ்ளோ இருக்கு, ஆம்பள ஆள உள்ள விட யோசிச்சே ரிப்பேர தள்ளிப் போடறாங்க.

ரெண்டு நாளு அவரு என்கிட்ட பேசல. மூனாவது நாளு சாப்டுக்கிட்டே சொன்னாரு, "நீ ஏறக்கூடாதுன்னுதானம்மா நான் இத்தன வருஷம் ஏணி ஏறுனேன்." எனக்கு பதில் வரல. அந்த வார்த்தைக்கு இப்பவும் என்கிட்ட பதில் இல்ல. அவரு ஓவர்டைம் பாத்து அனுப்புன காசுலதான் நான் டிகிரி முடிச்சேன், அத நான் கீழ போட்டுட்டேன்னு அவருக்கு வலிக்குது. நான் அப்படி நெனைக்கல, அவரு முறுக்குன வயர பாத்ததுக்கு அப்புறம் அத கீழன்னு சொல்ல என் வாய் வரவே வராது, ஆனா அத அவரு நம்ப நாளாகும்.

இன்னும் சரின்னு சொல்லல. ஆனா நேத்து சாயங்காலம் வராந்தால உக்காந்து அவரோட பழைய பிளையர எண்ண போட்டு தொடச்சுக்கிட்டு இருந்தாரு, எதுக்குப்பான்னு கேட்டேன், துருப் புடிக்குதுன்னாரு. கைப்புடி ரப்பர் வெடிச்சிருந்தா கரண்ட் வேலைக்கு ஆகாது, புதுசுதான் வாங்கணும், கேஎல்ல விக்கற மாதிரி மலிவா வாங்காதன்னும் சொன்னாரு.

வகுப்பு சனி ஞாயிறுல, இந்த வாரம் ஆரம்பம். இன்னிக்கு புதன்கிழமதான், அதுக்குள்ள அம்மா ரெண்டு தடவ கேட்டாச்சு, சோறு கட்டித் தரவா இல்ல அங்கயே வாங்கி சாப்டுக்கிறியான்னு. கட்டிக் குடுங்கம்மான்னு சொல்லியிருக்கேன்.