பனம்பழ வெள்ளை

போன மாதம் லண்டன் ஹரோவில் நடந்த, நம் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்துக்கு யாரோ ஒரு தங்கச்சி ஐஸ்கிரீம் டப்பா நிறையப் பனங்காய்ப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்ததுதான் தாமதம், என் வகுப்புக்காரிகள் நாலு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். முப்பது வருடம் கழிந்தும் இந்தக் கழுதைகளுக்கு மறதி வரவில்லை. அதே கூட்டத்தில்தான் ரீச்சர் காலமான செய்தியைச் சொல்லி எழுந்து நின்றோம். சங்க மலருக்கு அவரைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று என் தலையில் கட்டியதும் அங்கேதான்.

பெயர் எழுதவில்லை. எந்த ரீச்சர் என்று கேட்கிறவர் நம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க மாட்டார். செருப்புச் சத்தம் விறாந்தையின் அந்தத் தொங்கலில் கேட்கும்போதே இந்தத் தொங்கலில் பின்னல்கள் நேராகிவிடும்.

ரீச்சருக்குக் கணக்கு இரண்டாம் பட்சம். முதல் பட்சம் உடுப்பின் வெள்ளை. அதற்கு ஒரு சரித்திரமும் சொல்லுவார். 1960, 61இல் அரசாங்கம் உதவிபெறும் பள்ளிகளைப் பொறுப்பெடுத்தபோது, கையை விட்டுப் போகாமல் தனியாராகவே நின்ற சில பள்ளிகளில் நம்முடையதும் ஒன்று. உதவிப் பணம் நின்றது. அதன்பின் பழைய மாணவிகளும் திருச்சபையும் போட்ட காசில்தான் கூரை ஒழுகாமல் இருந்தது. "எங்களிட்டக் காசில்லை, பிள்ளையள். வெள்ளை உடுப்புத்தான் இருக்கு" என்பார். வலைப்பந்தில் உடுவில் மகளிர் கல்லூரியிடம் தோற்று வந்தாலும் ஊத்தை உடுப்போடு வரக்கூடாது. 1824இல் தொடங்கிய பள்ளிக்கூடத்திடம் தோற்பது ஒரு குறையில்லை என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் போயிற்று, மண்ணெண்ணெய் மருந்துபோல ஆயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சைக்கிள் வால்கட்டையில் திரி கோத்து அப்பா விளக்குச் செய்தார். அதைச் சமாளித்துவிடலாம். சவுக்காரத்துக்கு என்ன செய்வது? கடையில் இருந்தால் விலை கேட்டே தலை சுற்றும். எங்கள் வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், மூன்று வெள்ளை உடுப்பு.

அம்மா பனம்பழத்துக்குப் போனார். அம்மம்மா காலத்து வழிதான். கிணற்றடியில் குந்தியிருந்து, பழத்தைத் தோலுரித்து வாளித் தண்ணீரில் பிசைவார். மஞ்சளாகக் களி கரையும். உடுப்பை ஊறவைத்து, கல்லில் அடித்து, நாலு தண்ணீரில் அலசுவார். ஊத்தை உண்மையிலேயே போகும். ஆனால் மணம் போகாது. பொத்தான் துளைகளில் தும்பு சிக்கி நிற்கும், ஊசியால் நோண்டி எடுக்க வேண்டும். கொடியில் போட்டால் மாட்டுக்குக் காவல் இருக்க வேண்டும். 1991 புரட்டாசியில் ஒரு ஞாயிறு நான் காவலை மறந்து கதைப்புத்தகத்தோடு இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சிவலை மாடு என் கொலரைச் சப்பித் தள்ளிவிட்டது. அம்மா இரவோடிரவாக விளக்கு வெளிச்சத்தில் தைத்துத் தந்தார்.

மறுநாள் காலை. செபம் முடிந்து, எட்டாம் வகுப்பு வரிசை. வீட்டில் தேவாரம் பாதியில் நின்றாலும் பரமண்டல செபத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற சைவப் பிள்ளை நான், நெற்றியில் திருநீறோடு நாலாவதாக நிற்கிறேன். ரீச்சர் நகம் பார்த்துக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்றார். மூக்கை ஒருமுறை சுருக்கினார்.

"ஆர் பிள்ளை பனங்காய்ப் பணியாரம் கொண்டந்தது?"

நாப்பது பேரும் சிரித்தார்கள். ரீச்சர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. கொலரைக் கையால் பொத்திக்கொண்டு நிலத்தையே பார்த்தேன். அன்றைக்கு ஒட்டிய 'பணியாரம்' பிறகு கழரவேயில்லை. பகிடிக்குத்தான் சொன்னாரோ, உண்மையில் தெரியாமல்தான் கேட்டாரோ. அவருடைய சேலைகளை அந்தக் காலத்தில் எதில் தோய்த்தார் என்று யோசிக்க எனக்கு அப்போது வயது போதாது.

கோபத்தில் ஒரு மாதம் கணக்குப் பாடத்தில் வாய் திறக்கவில்லை. அப்புறம் திறக்க வேண்டி வந்தது, அவர் விட்டால்தானே. பொம்பர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் இறங்கினாலும் இருட்டில் காரணிப்படுத்தக் கேட்கிற மனுசி அவர். பயத்தில் அழுகிற பிள்ளைக்குத்தான் முதல் கேள்வி. இன்றைக்கு நான் ஒரு நகரசபையில் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் அந்தப் பங்கருக்கும் அதில் பங்குண்டு.

1993 மாசியில் கிளாலிக் கடல்நீரேரியால் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். பத்தாம் வகுப்பிலும் அவர்தான் எங்கள் வகுப்பாசிரியை. ஒருவருக்கும் மூச்சு விடாதே என்று அம்மா சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை கொப்பி திருத்தித் தந்தார், "திங்கட்கிழமை வரேக்க முழுத் திருத்தமும் செய்துகொண்டு வா" என்றார். "ஓம் ரீச்சர்" என்றேன்.

2012இல் ஊருக்குப் போனபோது அவர் வீட்டுப் படலைவரை போனேன். கொடியில் ஒரு வெள்ளைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. வான் வண்டிக்குள் பிள்ளைகள் பசியில் கத்தினார்கள். சரி, அடுத்த முறை ஆறுதலாக வருவோம் என்று திரும்பிவிட்டேன். அதன்பின் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் கலியாண வீடு, நேரமில்லை.

ஹரோவில் கதிரை அடுக்கும்போதுதான் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் சொன்னாள். நான் வராத அந்தத் திங்கட்கிழமை ரீச்சர் இடாப்புக் கூப்பிட்டாராம். என் பெயருக்குப் பதில் இல்லை. தலையை நிமிர்த்தி, "பணியாரம் வரேல்லையோ?" என்று கேட்டாராம். அவர் வாயில் அந்தப் பெயரை அன்றைக்குத்தான் கேட்டார்களாம். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

போய்விட்டவளின் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவதுதான் வழக்கம். அந்த வருடம் எத்தனையோ பெயர்களை அப்படி வெட்டியவர், என்னுடையதைத் தவணை முடியும்வரை விட்டு வைத்திருந்தாராம். ஒவ்வொரு நாள் காலையும் பெயரைக் கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்து, வராதவளுக்குப் போடுகிற வட்டத்தைப் போட்டாராம்.