போர்ட் பிளேர் நாட்கள்

ஜூன் 9
காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். ஐசியுவுக்குள் அவ்வளவுதான் விடுகிறார்கள். காலை அம்மா போனாள். மாலை நான். அப்பா கண் திறக்கவில்லை.

ஜூன் 10
அப்படியேதான். அண்ணனிடமிருந்து போன் இல்லை.

ஜூன் 11
அம்மா விரட்டாத குறையாக அனுப்பிவைத்தாள். "இங்கேயே உட்கார்ந்து என்ன பண்ணப் போற? அவர் பார்க்கணும்னுதானே வந்தோம், நீயாவது பார்த்துட்டு வா."

பக்கத்திலேயே செல்லுலார் சிறை, வெள்ளைக்காரர்கள் சுதந்திரப் போராட்டக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த அந்தமான் சிறை. 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்திருக்கிறார்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து சக்கரத்து ஆரங்கள் போல ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. இன்று நிற்பவை மூன்றுதான். இடித்துவிட்ட பகுதியில் 1963இல் வந்ததுதான் இந்த ஆஸ்பத்திரி. அதைப் படித்த பிறகு வேறு எதுவும் மனதில் ஏறவில்லை. அப்பாவின் கட்டில் இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது?

ஜூன் 12
விடாத மழை. மறுபடி போனேன்.

ஒரு அறைக்குள் போய் நின்றேன். நாலரை மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். பின்சுவரில் ஆள் உயரத்துக்கும் வெகு மேலே ஒரு சின்ன ஜன்னல். கதவின் தாழ்ப்பாள் வெளிச்சுவரில் தள்ளியிருக்கும் ஒரு குழிக்குள் போய் முடிகிறது, பூட்டு அங்கே. கம்பி வழியாகத் தோள்வரை கையை விட்டுப் பார்த்தேன். விரல் நுனிகூட எட்டவில்லை.

ஆனால் என்னை அரிப்பது பூட்டு இல்லை. ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கிறது. எந்தக் கைதியும் எதிரே இன்னொரு முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று வரைபடத்திலேயே முடிவு செய்திருக்கிறார்கள். கணேஷ் சாவர்க்கரும் தம்பி விநாயக்கும் ஒரே சமயத்தில் இதற்குள் இருந்தும் வெகு காலம் சந்திக்க முடியவில்லை. கூடப் பிறந்தவன் சுவருக்கு அந்தப் பக்கம். யாரோ ஒரு பொறியாளர் மேசையில் உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் போட்ட கோடு அது. அடியைவிட, தூக்கைவிட அந்த நிதானம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

ஜூன் 13
அண்ணன் மெசேஜ்: "எப்படி இருக்கார்?"
"வந்து பார்" என்று அனுப்பினேன்.

ஜூன் 14
அப்பாவுக்கு மூக்கு வழியாக ட்யூப் போட்டுவிட்டார்கள். நர்ஸ் சிரிஞ்சில் காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். "சரியான இடத்துலதான் இருக்கு" என்று சொன்ன பிறகுதான் கஞ்சித் தண்ணீரை விட்டார். அந்த ஒரு நிமிடம் எனக்கு மூச்சே வரவில்லை.

ஏனென்றால் மத்தியானம்தான் அந்தச் சிறையில் கைதியாக இருந்த மகாவீர் சிங்கைப் பற்றிப் படித்திருந்தேன். 1933 மே, உண்ணாவிரதம். ஆட்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, குழாய் வழியாகப் பாலை ஊற்றினார்கள். பால் நுரையீரலுக்குள் போய்விட்டது. செத்துப்போனார். மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா இருவரும் அதே மாதத்தில் அதே விதமாக. 1937இல் மறுபடி உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுச் சிறைகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1938 ஜனவரிக்குள் எல்லோரும் போய்விட்டார்கள்.

அந்த நர்ஸுக்கு நன்றி சொன்னேன். எதற்கென்று அவருக்குப் புரிந்திருக்காது.

ஜூன் 15
காய்ச்சல் 102.

ஜூன் 16
காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கடவுளே.

உல்லாஸ்கர் தத். வெள்ளைக்கார அரசுக்கு எதிராகக் குண்டு செய்த அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்று இந்தச் சிறைக்கு வந்தவர். சித்திரவதையில் புத்தி பேதலித்து, மெட்ராஸ் மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டார். நம்ம மெட்ராஸுக்கு! கீழ்ப்பாக்கம் வழியாக எத்தனை வருஷம் பஸ்ஸில் போயிருக்கிறேன். பள்ளியில் ஒருவர்கூட இந்தப் பெயரைச் சொன்னதில்லை. கோபமாக வருகிறது.

ஜூன் 17
அப்பா பேசினார்! குரல் தேய்ந்துபோய், வாய் ஒரு பக்கம் இழுத்தபடி. "உள்ள போனியா?"

தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னேன். கட்டடங்கள் முதுகைக் காட்டி நிற்பதைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "செக்கு?"

பார்த்தேன் என்றேன். மாட்டுக்குப் பதில் மனிதனைப் பூட்டி, நாளுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய், குறைந்தால் அடி. "முப்பது" என்று தானும் சொல்லிப் பார்த்தார். நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவரிடம் போய் ஏன் அதையெல்லாம் சொன்னாய் என்று அம்மா திட்டினாள். கேட்டது அவர்தான்.

ஜூன் 18
அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டான், நாளைக் காலை விமானம். அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லலாமா கூடாதா என்று எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. மாலை உள்ளே போவது நான்தான். சொல்லத்தான் போகிறேன்.