ராமாயப்பட்டினம் சபை ஏட்டில் ஒரு பெயரைத் தேடி

மாமியாருக்குப் பூர்வீகம் ராமாயப்பட்டினம். ஆந்திராவில், காவலிக்கு வடக்கே கடலோரக் கிராமம். அவருடைய கொள்ளுத்தாத்தா எந்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்தார் என்று பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்.

நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிடும். பதிவேட்டைப் பிடித்தால் பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் கிடைத்துவிடும். மாமியார் வீட்டாரோ பாப்டிஸ்டுகள். அவர்களிடம் இது பலிக்காது. விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிடும் வயது வந்த பிறகுதான் முழுக்கு. அதனால் அங்கத்தினர் பட்டியலைத்தான் கேட்க வேண்டும். பேராயர் அலுவலகம் என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனி ராஜ்ஜியம். ஏடுகளும் அந்தந்தச் சபை பீரோவில்.

கிளம்பும் முன் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனின் பழைய மாதப் பத்திரிகைகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் படித்தேன், இலவசம்தான். 1836ல் இந்தியா வந்த மிஷனரி சாமுவேல் டே, 1840ல் நெல்லூரில் நிலைகொண்டார். 1870ல் டிம்பனி என்ற மிஷனரி ராமாயப்பட்டினத்துக்கு வந்தார். சில வருஷங்களிலேயே உபதேசிமாருக்கான இறையியல் பள்ளியும் அங்கே எழுந்தது. பிறகு 1876-78 பஞ்சம். ஒங்கோலில் இருந்த மிஷனரி ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் கான்ட்ராக்டை எடுத்து ஜனங்களுக்குக் கூலி கொடுத்தார். சென்னையில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறோமே, அதே கால்வாய். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, பஞ்ச காலத்தில் ஞானஸ்நானத்தையே நிறுத்தி வைத்தார். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர். ஆறு உபதேசிமார், இருவர் இருவராக முறைவைத்து முழுக்குக் கொடுத்தார்கள்.

பாஸ்டரிடம் போனில் முன்பே சொல்லிவிட்டு, வாரநாளில் போனேன். ஞாயிற்றுக்கிழமை போனால் யாருக்கும் பேச நேரமிருக்காது. ஏடு முழுக்கத் தெலுங்குக் கூட்டெழுத்து, எனக்குச் சுத்தமாகப் புரியாது. வீடியோ காலில் பக்கம் பக்கமாகக் காட்ட, மாமியார் வாசித்தார். பெயர், ஊர், தேதி, சேர்ந்த வகை. தேதிக் கட்டத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது.

பெயர் அகப்பட்டது. சேர்ந்த வகையில் ‘ஞானஸ்நானம்’ என்று இல்லை, ‘கடிதம்’ என்று இருந்தது, ஊர் ஒங்கோல். அதாவது அங்கே முழுக்கு எடுத்து, அந்தச் சபையின் மாற்றுக் கடிதத்தோடு இங்கே வந்தவர். இந்தக் கட்டத்தை முதலில் பாருங்கள், வீண் அலைச்சல் மிச்சம்.

“அப்போ அந்த ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர்ல அவரும் ஒருத்தரா மாப்பிள்ளை?” என்று மாமியார் தொடங்கிவிட்டார். அதற்கு ஒங்கோல் ஏட்டைப் பார்த்தாக வேண்டும். அந்தச் சபைக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.