ஜன்னல் கைப்பிடி: 7 மி.மீ. சதுரமும் 43 மி.மீ. இடைவெளியும்

கையோடு பெயர்ந்து வந்த கைப்பிடியைப் பையில் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால், கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் அதே போல ஒன்றை எடுத்து வைப்பார். நிறம் பொருந்தும், பிடியின் நீளம் பொருந்தும். வீட்டுக்கு வந்து மாட்டினால் பாதி சுற்றும், பாதி வழுக்கும். ஜன்னலைப் பூட்டும் வேலை முழுக்கப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கம்பியினுடையது. அதை ஸ்பிண்டில் என்பார்கள். அது எவ்வளவு நீளம் வேண்டும் என்று கடைக்காரருக்குத் தெரியாது, நாம்தான் அளந்துகொண்டு போக வேண்டும்.

அபார்ட்மென்ட் வீடுகளில் இப்போது நிறைய இருக்கும், வெளிப்பக்கம் திறக்கும் யு.பி.வி.சி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னலை முதலில் பார்ப்போம். கைப்பிடிக்குப் பின்னால் ஷட்டரின், அதாவது திறந்து மூடும் கதவின், ஓரத்துக்குள் ஒரு கியர் பாக்ஸ் இருக்கிறது. அதிலிருந்து மேலும் கீழுமாக ஒரு உலோகப் பட்டை ஓடும். பட்டையில் காளான் தலை மாதிரி சின்னக் குமிழ்கள் நிற்கும், பெயரே மஷ்ரூம்தான். கைப்பிடியைத் திருப்பினால் பட்டை நகர்ந்து, மஷ்ரூம்கள் ஃபிரேமில் உள்ள ஸ்ட்ரைக்கர் எனும் உலோகத் துண்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஆக, கோளாறு கைப்பிடியிலும் இருக்கலாம், கியர் பாக்ஸிலும் இருக்கலாம். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றேதான்: பிடி சுற்றும், ஜன்னல் பூட்டாது.

எது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஜன்னலைத் திறந்து வைத்து, கைப்பிடியைத் திருப்பியபடியே ஷட்டரின் ஓரத்தைப் பாருங்கள். மஷ்ரூம்கள் அசையவில்லையென்றால் கைப்பிடியைக் கழற்றுங்கள். பிடியைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால்தான் அடித்தட்டின் மூடி நகர இடம் கிடைக்கும். மூடியைச் சற்றே வெளியே இழுத்துப் பக்கவாட்டில் திருப்பினால் மேலே ஒரு ஸ்க்ரூ, கீழே ஒரு ஸ்க்ரூ தெரியும். சில மாடல்களில் மூடிக்குப் பதில் ஸ்க்ரூவின் தலைமேல் பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும், குண்டூசியால் நெம்பினால் வந்துவிடும். மாடி வீடென்றால் ஷட்டரை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், ஸ்க்ரூ டிரைவரின் பிடியில் ஒரு கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.

கழற்றிய பிறகு, கியர் பாக்ஸின் சதுரத் துளைக்குள் பழைய ஸ்பிண்டிலையே செருகிக் குறடால் திருப்பிப் பாருங்கள். ஸ்பிண்டில் தேய்ந்திருந்தால், 8 அல்லது 9 மி.மீ. அகலமுள்ள தட்டை ஸ்க்ரூ டிரைவரை மூலைக்கு மூலை வைத்துத் திருப்பலாம். மஷ்ரூம்கள் வழுவழுவென்று ஏறி இறங்கினால் கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, கைப்பிடி மட்டும் மாற்றினால் போதும். துளை மட்டும் சுற்றி, பட்டை அசையாமல் நின்றால் உள்ளே பல் போய்விட்டது. அப்போது புதுக் கைப்பிடி வாங்குவது வீண் செலவு. ஜன்னல் மூடிய நிலையிலேயே கைப்பிடி உடைந்து மாட்டிக்கொண்டாலும் திறப்பதற்கு இதே வழிதான். கண்ணாடியை யாரும் தொட வேண்டியதில்லை.

இனி அளவு. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கைப்பிடிகளின் ஸ்பிண்டில் 7 மி.மீ. சதுரம், இரண்டு ஸ்க்ரூக்களின் மையத்துக்கு மையம் 43 மி.மீ., ஸ்க்ரூ எம்5 (5 மி.மீ. விட்டம்). இருந்தாலும் பழையதை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் மாறுவது ஸ்பிண்டிலின் நீளம். பழையது முழுசாக இருந்தால், அடித்தட்டின் பின்பக்கத்திலிருந்து கம்பியின் நுனி வரை அளந்தால் போதும். உடைந்துபோயிருந்தால் ஒரு ஈர்க்குச்சி எடுங்கள். துளைக்குள் விட்டு, எதிர்ச்சுவரில் முட்டியதும் ஷட்டரின் முகத்தோடு ஒட்டி நகத்தால் ஒரு குறி போட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். அதில் 2 மி.மீ. கழித்தால் வருவதுதான் ஸ்பிண்டிலின் அதிகபட்ச நீளம். கூடுதல் நீளத்தில் கிடைத்தால் ஹேக்சாவால் வெட்டி, நுனியை அரத்தால் லேசாகச் சாய்த்து ராவிக்கொள்ளலாம். குறைவாகக் கிடைத்ததை வாங்கவே கூடாது. கியர் பாக்ஸின் துளையில் பாதி ஆழத்துக்கு மட்டும் நுழையும் ஸ்பிண்டில் முதல் நாள் அருமையாக வேலை செய்யும். அந்தப் பாதிமேலேயே முழுச் சுமையும் விழுவதால், கொஞ்ச நாளில் துளையின் மூலைகள் உருண்டு கியர் பாக்ஸும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்று, பிடி நேராக இருக்கிறதா, ஒருபக்கம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த பிடியில் இடது, வலது என்று இரண்டு உண்டு. மாற்றி வாங்கினால் பிடி ஃபிரேமில் இடிக்கும். ஜன்னலுக்கு முன்னால் நின்று, கீல் எந்தப் பக்கம் என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் கடையில் குழப்பம் வராது.

மாட்டும்போது சொதப்பும் இடம் ஒன்று உண்டு. சதுரக் கம்பியை நாலு விதமாகச் செருகலாம், நாலிலும் அது உள்ளே போகும். அடித்தட்டு நேராக நின்று, ஜன்னல் பூட்டும்போது பிடி கீழ்நோக்கி வருவது அதில் ஒன்றில்தான். அதனால் முதலில் மஷ்ரூம்களைத் திறந்த நிலையில் நிறுத்துங்கள். புதுக் கைப்பிடியையும் திறந்த நிலைக்குத் திருப்பி, அதாவது பிடி பக்கவாட்டில் நிற்கும்படி வைத்து, செருகுங்கள். ஸ்க்ரூ போடும் முன்னே ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்க்ரூவைக் கையால்தான் முறுக்க வேண்டும். டிரில் மெஷினில் பிட் போட்டு முறுக்குகிறவர்களைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. ஸ்க்ரூ போய்ப் பிடிப்பது கியர் பாக்ஸில் இருக்கும் மென்மையான உலோக மரையில், ஒரு தரம் மரை அழிந்தால் திரும்ப வராது. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறுக்கிய பின் பிடி கனமாகச் சுற்றினால் தட்டு வளைந்து கம்பியைப் பிடிக்கிறது என்று அர்த்தம், இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தினால் சரியாகிவிடும். ஸ்க்ரூவின் நீளமும் பழையதைப் போலவே இருக்கட்டும். குட்டையானது இரண்டு மூன்று மரையில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். நீளமானது தலை உட்காரும் முன்பே அடியில் முட்டும், கைப்பிடி அன்றைக்கே ஆட ஆரம்பிக்கும். கடற்கரைக்குப் பக்கத்து வீடென்றால் எஸ்.எஸ். 316 (ஒரு ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். உப்புக் காற்றில் சாதாரண 304 ரகம் கூட நாளடைவில் புள்ளி புள்ளியாகக் கறுக்கும்.

புதுக் கைப்பிடி மாட்டியாயிற்று. பழையது ஏன் உடைந்தது என்று பார்க்காவிட்டால் இதுவும் அதே வழியில் போகும். ஜிங்க் அலாயில் வார்த்த பிடி சாதாரணப் புழக்கத்தில் சட்டென்று முறிகிற பொருள் கிடையாது. ஜன்னல் இறுக்கமாக இருந்திருக்கும், வீட்டில் இருப்பவர்கள் பலம் போட்டுத் திருப்பியிருப்பார்கள். சோதனை சுலபம். ஜன்னலைத் திறந்து வைத்துப் பிடியைத் திருப்புங்கள், பிறகு மூடி வைத்துத் திருப்புங்கள். இரண்டு நிலையிலும் கனமாக இருந்தால் கியர் பாக்ஸுக்கு எண்ணெய்ப் பசை இல்லை. திறந்தால் லேசாகவும் மூடினால் கனமாகவும் இருந்தால் ஷட்டர் தொங்கிவிட்டது.

ஷட்டர் தொங்கியதற்கு அடையாளம் ஸ்ட்ரைக்கரிலேயே இருக்கும். மஷ்ரூம் நடுவில் நுழையாமல் ஒரு ஓரத்தில் உரசி, அந்த இடம் மட்டும் வெள்ளி மாதிரி மினுங்கும். முதலில் ஃப்ரிக்‌ஷன் ஸ்டே எனும் கீலின் ஸ்க்ரூக்களை இறுக்கிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தீராவிட்டால் கண்ணாடிக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்த பேக்கர் எனும் பிளாஸ்டிக் துண்டுகள் நகர்ந்திருக்கும். கண்ணாடியின் எடை கீலை ஒட்டிய கீழ்மூலையிலும், அதற்கு நேர் குறுக்கே கைப்பிடிப் பக்கத்து மேல்மூலையிலும் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். அப்போதுதான் ஷட்டர் சாயாது. கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பீடிங் பட்டையைக் கழற்றிப் பேக்கர் வைக்கும் வேலைக்குப் பழக்கம் வேண்டும், ஆளைக் கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மஷ்ரூமைத் திருப்பி அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டும் வீட்டிலேயே செய்யக்கூடியது. பல மஷ்ரூம்களின் தலையில் அலன் கீ எனும் அறுகோணச் சாவி போடத் துளை இருக்கும், அச்சு மையத்திலிருந்து விலகியிருப்பதால் கொஞ்சம் திருப்பினாலே வித்தியாசம் தெரியும். ரப்பர் பீடிங் நசுங்கும் அளவுக்கு இறுக்கி வைத்துவிட்டுக் கைப்பிடியைக் குறை சொல்லாதீர்கள்.

கைப்பிடி கெட இன்னொரு காரணமும் உண்டு. ஜன்னல் திறந்திருக்கும்போது யாராவது விளையாட்டாகப் பிடியைப் பூட்டும் நிலைக்குத் திருப்பியிருப்பார்கள். அது தெரியாமல் இழுத்து மூடினால், நகர்ந்து நிற்கும் மஷ்ரூம்கள் ஸ்ட்ரைக்கரின்மேல் மோதும். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் இது சகஜம்.

எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடாதீர்கள். தெருப்புழுதியோடு சேர்ந்து சில மாதங்களில் அது பிசின் மாதிரி இறுகிவிடும், மார்கழிக் குளிரில் உறைவது தனி. சிலிகான் ஸ்ப்ரேயைப் பட்டை ஓடும் இடுக்கில் இரண்டு மூன்று இடங்களில் அடித்து, பிடியைப் பத்துத் தடவை திருப்பினால் போதும். டபிள்யூ.டி-40 ஸ்ப்ரே துருவை இளக்க நல்லது, ஆனால் பசை நீடிக்காது.

மர ஜன்னலுக்குக் கணக்கே வேறு. தேக்குச் சட்டத்தில் இரண்டு கதவு, உட்பக்கம் கம்பி, கம்பிக்கு வெளியே திறக்கும் கதவு, கதவில் ஒரு கைப்பிடி, ஒரு தாழ்ப்பாள், காற்றுக்கு அடிக்காமல் மாட்ட ஒரு கொக்கி. இங்கே கைப்பிடி உடைவது குறைவு, ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வருவதுதான் அதிகம். ஐப்பசி மழையில் மரம் ஊதிக் கதவு நிலையில் பிடிக்கும், கம்பி வழியே கையை விட்டு வெடுக்கென்று இழுப்போம், ஸ்க்ரூ துளை அகன்றுவிடும்.

அகன்ற துளையில் பெரிய ஸ்க்ரூ போடுவதுதான் எல்லோரும் செய்வது. மருந்தைக் கிள்ளிவிட்டுத் தீக்குச்சியைச் செருகுகிறவர்களும் உண்டு, அது மெதுமரம், அடுத்த மழை வரைதான் தாங்கும். தேக்குச் சிராயோ மூங்கில் குச்சியோ துளைக்கேற்பச் சீவி, ஃபெவிகாலில் முக்கி, சுத்தியால் தட்டி இறக்குங்கள். ஒரு இரவு காயட்டும். மறுநாள் நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சமமாக வெட்டிவிட்டு, ஆறாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. பிட்டால் புதுத் துளை போடலாம். துளையே போடாமல் தேக்கில் பித்தளை ஸ்க்ரூவை முறுக்கினால் தலை கையோடு வரும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கி வழி பண்ணி, பிறகு பித்தளை ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துப் போட்டால் வெண்ணெய் போல் இறங்கும். சட்டம் அந்த இடத்தில் உளுத்துப்போயிருந்தால் சிராய் நிற்காது. கதவை ஊடுருவும் 5 மி.மீ. போல்ட் போட்டு, பின்பக்கம் அகல வாஷர் வைத்து நட்டு முறுக்குவதே வழி.

கடையில் 4 இன்ச் கைப்பிடி என்று கேட்டு வாங்கினாலும் ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பழைய கைப்பிடியை ஒரு அட்டையில் வைத்துத் துளைகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள். பழைய துளைக்கு ஒரு நூல் தள்ளிப் புதுத் துளை வந்தால், ஸ்க்ரூ பழைய துளைக்குள்ளேயே சரியும். ஒன்று அச்சு அசலாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் முக்கால் அங்குலமாவது தள்ளி வேண்டும்.

கதவு பிடிக்கிறதே என்று மழைக்காலத்தில் இழைப்புளியை எடுக்காதீர்கள். ஊதிய மரத்தை இழைத்தால் பங்குனி வெயிலில் விரல் நுழையும் இடைவெளி விழும். மழைக்கு உரசும் ஓரத்தில் மெழுகைத் தேய்த்துச் சமாளித்துவிட்டு, தை மாசியில் காய்ந்த பிறகும் பிடித்தால் இழைக்கலாம். பல வருடப் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியதுதான் காரணமென்றால் உப்புத்தாளே போதும்.

புதுக் கைப்பிடியைப் பழைய இடத்தை விட்டு நகர்த்திப் பொருத்துவதாக இருந்தால் டிரில்லை எடுக்கும் முன் அதைக் கதவில் டேப் போட்டு ஒட்டுங்கள். கதவை முழுக்கத் திறந்து, கம்பிக்கு நடுவே கையை விட்டு மூடிப் பாருங்கள். கை எட்டினாலும், மூடும்போது விரல் முட்டி கம்பியில் இடிக்கும் இடங்கள் இருக்கும். இரண்டு கம்பிக்கு நடுவே வருகிற உயரத்தில் குறி போட்டுவிட்டு அப்புறம் துளையிடுங்கள்.