மூன்று நாள், 1,400 கிலோமீட்டர்: கோல்ட் விங்கில் ஒரு பயணம்

நேற்று இரவுதான் திரும்பினோம். மூன்று நாளில் 1,400 கிலோமீட்டர், பின்சீட்டில் மனைவி, பெட்டிகள் நிறையத் துணிமணி. காலையில் எழுந்ததும் முதலில் இடுப்பைத்தான் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை. என்னுடைய பைக்கில் 500 கிலோமீட்டர் போய் வந்தாலே மறுநாள் குனிந்து ஷூ மாட்டச் சிரமப்படுவேன். அதனால் நீண்ட பயணத்துக்கென்றே செய்த இந்த ஹோண்டா கோல்ட் விங் டூர் பைக்கைப் பற்றிச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வாங்கலாமா என்ற எண்ணத்தில்தான் வாடகைக்கு எடுத்தேன். இவ்வளவு விலையுள்ள வண்டியை ஷோரூம் வாசலில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு முடிவு செய்யவே கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் எடை மட்டும்தான் மனதில் நிற்கும். தானியங்கி கியர் உள்ள டூர் 380 கிலோவுக்கு மேல்!

வாடகைக்குக் கொடுத்தவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. போனில் சொன்ன தொகை ஒன்று, சாவியை நீட்டும்போது சொன்னது வேறு. ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான், தாண்டினால் தனிக் கட்டணம் என்பதை முன்பணம் வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்து சொன்னார். டூரிங் பைக்கை எடுப்பவர் தெருவைச் சுற்றி வரவா எடுக்கிறார்? நீங்கள் எடுத்தால் கிலோமீட்டர் வரம்பை எழுதி வாங்குங்கள். வண்டியை நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலுக்குப் பணம் கேட்டார். வீடியோவைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

எடை, வசதி, செலவு என்று வரிசையாக எழுதத்தான் குறிப்பு வைத்திருந்தேன். ஆனால் இரண்டாம் நாள் மழையை முதலில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான்கு மணி நேரம் விடாத மழை. ரெயின் மோடுக்கு மாற்றினேன், பட்டனை அழுத்தி முன் கண்ணாடியை மேலே ஏற்றினேன், அவ்வளவுதான். கண்ணாடியின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே பார்வை போகும்படி வைத்துக்கொண்டால் போதும், காற்றும் தண்ணீரும் ஹெல்மெட்டுக்கு மேலாகப் போய்விடுகின்றன. நெஞ்சு நனையவே இல்லை. அன்று இரவு தங்கிய இடத்தில் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலையும் இல்லாமல் போனது. இதில் செயின் கிடையாது, பின்சக்கரத்தைச் சுழற்றுவது ஷாஃப்ட் என்ற மூடிய தண்டு. துடைத்து எண்ணெய் போட எதுவும் இல்லாததால் சாப்பிட்டதும் தூங்கப் போய்விட்டேன்.

இப்போது இன்ஜின். 1833 சிசி, ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்துக் கிடக்கின்றன. எதிரெதிர் பிஸ்டன்கள் ஒன்றாக வெளியே போய் ஒன்றாக உள்ளே வருவதால் ஒன்றின் உதறலை மற்றது அடக்கிவிடுகிறது. இதே ரக டூரிங் பைக்கான பிஎம்டபிள்யூ கே 1600 ஜிடிஎல்லின் 160 குதிரைத்திறனுக்கு முன்னால் இதன் 126 சின்ன எண்தான். ஆனால் டார்க் என்ற இழுவிசை 170 நியூட்டன் மீட்டர், அது இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 முறை சுற்றும்போதே கிடைக்கிறது. இரண்டு பேரும் சாமான்களும் ஏறிய வண்டியில், மலை ஏற்றத்தில் லாரியைத் தாண்டும்போது எனக்கு வேண்டியது அந்த இழுவைதான்.

முன்பக்க சஸ்பென்ஷனைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சாதாரண ஃபோர்க்கில் சக்கரத்தைத் திருப்புவதும் குலுக்கலைத் தாங்குவதும் ஒரே குழாய்களின் வேலை. 2018 முதல் இந்த வண்டியில் அந்த இரண்டையும் பிரித்துவிட்டார்கள். குலுக்கலை இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக ஆடும் இரண்டு கைகள், வாங்கிக்கொள்கிறது. பெயர்ந்து கிடந்த ஒரு சாலையில் ஹேண்டிலுக்கு முன்னால் இணைப்புத் தண்டுகள் துள்ளுவதைக் கண்ணால் பார்த்தேன், கைக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. என் மனைவி பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கியேவிட்டாள். எனக்குத்தான் பயம், எழுப்பிவிட்டேன்.

1974இல் ஜெர்மனியின் கொலோன் பைக் கண்காட்சியில் ஹோண்டா முதல் கோல்ட் விங்கை வைத்தபோது அதில் முன் கண்ணாடியும் இல்லை, பெட்டியும் இல்லை. 999 சிசி, நான்கு சிலிண்டர், வெறும் பைக். ஊர் சுற்றியவர்கள்தான் கிரெய்க் வெட்டரின் விண்ட்ஜாமர் போன்ற காற்றுத் தடுப்புகளை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 1980இல் இன்டர்ஸ்டேட் மாடலில்தான் இவையெல்லாம் கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்தன. தூரம் போனவர்கள் கேட்டுக் கேட்டு வளர்ந்த வண்டி இது, ஓட்டும்போதே அது தெரிகிறது.

சரி, எடை. இருக்கை உயரம் 745 மில்லிமீட்டர்தான் என்பதால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும். இன்ஜின் தாழ்வாக இருப்பதால் நடக்கும் வேகத்தைத் தாண்டியதும் பாரமே தெரியாது. நின்றால்தான் ஆபத்து. ஒரு மலைப்பாதை வளைவில் காட்சி பார்க்கச் சரளைக்கல் சரிவில் மூக்கை இறக்கி நிறுத்திவிட்டேன். இந்த பைக்கில் ரிவர்ஸும் உண்டு, ஆனால் கிளம்பும்போது பட்டனை அழுத்தி ரிவர்ஸ் எடுத்தால் பின் டயர் கல்லை அரைக்கிறதே தவிர வண்டி ஏறவில்லை. லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. தொடை நடுங்க முட்டுக்கொடுத்தேன். “நீங்க அசையாதீங்க, நான் ஆளைக் கூப்பிடறேன்” என்று மனைவி ஓடினாள். வந்த இரண்டு பேர் தள்ளித்தான் மேலே ஏறியது. அதன் பிறகு எங்கே நிறுத்தினாலும் மூக்கு மேட்டைப் பார்த்தபடிதான். கால்வலு இல்லாதவர்களுக்கும், தினமும் நெரிசலில் போக வேண்டியவர்களுக்கும் இதை நான் சொல்லவே மாட்டேன்.

செலவு பயமுறுத்துகிறது. லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் அளவில் கிடைத்தது. டேங்க் 21.1 லிட்டர், அதனால் 300 தாண்டியதும் பங்க்கைத் தேட ஆரம்பித்தேன். பின்சக்கரத்தில் 200 மில்லிமீட்டர் அகல டயர். அதன் விலையைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாமானுக்கு, 2021க்குப் பிந்தைய டூரில் பின்பெட்டி 61 லிட்டர், பக்கப் பெட்டிகளையும் சேர்த்தால் 121. இரண்டு முழு ஹெல்மெட் பின்பெட்டியில் போய்விடும். பக்கப் பெட்டிகளுக்கு மடங்கும் துணிப்பைதான் சரி, விறைப்பான சூட்கேஸை எடுத்துப் போகாதீர்கள்.

சாவியைக் கொடுத்துவிட்டு என் பைக்கில் ஏறினேன். முதல் சிக்னல் வருவதற்குள் ஹேண்டில் அதிர்வில் விரல் மரத்துப்போனது. வீட்டுக்கு வந்து வாடகை, கூடுதல் கிலோமீட்டர், பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டினேன். வாங்க இன்னும் இரண்டு வருடமாவது சேமிக்க வேண்டும். அதுவரை வருடம் ஒருமுறை, வேறு ஆளிடம், ஐந்து நாள் வாடகைக்கு எடுப்பதாக இருக்கிறோம்.